இருநூற்றுப் பத்தொன்பது வெள்ளி

கொம்தார் மூன்றாம் மாடியில்
கூவின் கடை ஒரு அலமாரி அகலம்.
சுவர் முழுக்கக் காதுகள்
தலையில்லாமல் தொங்குகின்றன.

முதலில் நீட்டியது திறந்த முதுகு ஹெட்போன்.
"கடல் மாதிரி இருக்கும், கேள்" என்றார் மலாயில்.
இருந்தது.
ஆனால் நான் நிற்கப்போவது
தவிலுக்கு நான்கடி தள்ளி.
எனக்குக் கடல் வேண்டாம் அங்கிள்,
கதவு வேண்டும்.

மூடிய முதுகில் ஆறு எடுத்துப் பரப்பினார்.
ஒன்று பாஸைக் கொட்டி
எல்லாக் குரலுக்கும் தொப்பை போட்டது.
ஒன்று இருநூற்றைம்பது ஓம்.
என் குட்டி ரெக்கார்டர்
கொடிமலை ஏறும் மிதிவண்டியாய் முனகியது.
மூன்றாவதைப் பற்றிச் சொல்ல
அதன் பெட்டியைத் தவிர எதுவுமில்லை.

அவர் போட்ட பாட்டை நிறுத்தச் சொல்லி
என்னுடையதைப் போட்டேன்.
ஆயர் ஈத்தாம் அடுக்ககத்து நடைபாதை, இருபது நொடி:
ஈரத்துணி படபடக்கும், லிப்ட் வந்து நிற்கும்,
கீழ்மாடியில் யாரோ யாரையோ கூப்பிடுவார்கள்.
ஒரு வருடமாய் அது எனக்குப் "பூர்ணிமா".
நான்காவது ஹெட்போனில்தான் தெரிந்தது
"பூனைம்மா".
கடைக்கு நடுவில் நின்று சிரித்தேன்.
அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு
கூ விலையில் இருபதுக்கு மேல் குறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அது என் மண்டையைப்
பழுத்ததா என்று பார்க்கும் தேங்காயைப்போல் பிடித்தது.
பிஸ்கட் டின்னுக்கு மாட்டிவிட்டு
இரண்டு இரவு தூங்கவிட்டேன்.
கண்ணாடிக் காம்பு நுழையும் சந்தில் சத்தம் கசிந்தது;
மெல்லிய காம்பாக மாற்ற நாற்பது வெள்ளி,
அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.
வியர்வைக்குப் பழைய பனியனில் உறை தைத்தேன்.
அடுத்த வருடம் இந்தத் தோல் உரியும்,
கன்னத்தில் கறுப்புத் தூள் ஒட்டும், தெரியும்.
மெத்தை மாற்றலாம் என்பதைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

ஞாயிறு, பிறையில் மண்டபம்.
கவினேஷின் மாலைக்குள் மைக்.
சாமந்தி அதன்மேல் உரசுவது
யாரோ தாள் கசக்குவதுபோல் கேட்டது;
ஓடிப்போய் ஒரு விரல் கீழே இறக்கிவிட்டு வந்தேன்.
மாப்பிள்ளைத் தோழன் முறைத்தான்.

கெட்டிமேளம்.
அறுநூறு பேரின் அட்சதை.
ஹெட்போனுக்கு வெளியே அது
அடுத்த தெருக் கல்யாணம்.
உள்ளே,
என் இரண்டு காதுக்கும் நடுவில்:
"மெதுவா. முடி மாட்டுது."
"சாரி."
"இப்ப?"
"ம்."
பிறகு நாத்தனாரின் வளையல், மூன்றாம் முடிச்சு.

அம்மா, அப்பா, ஐயர், நாதஸ்வரக்காரர்,
ஒருவரும் கேட்கவில்லை.
அந்த வீட்டின் முதல் சாரி
என்னிடம் இருக்கிறது,
இருபத்து நான்கு பிட்டில்.

கேமராவுக்குப் பின்னாலிருந்து ஜெகா
புருவத்தால் கேட்டான், ஆடியோ ஓகேவா?
கட்டைவிரலைத் தூக்கினேன்.
எடிட்டில் அவன் அதன்மேல்
ஒரு சினிமாப் பாட்டை ஊற்றச் சொல்வான்.
ஊற்றுவேன்.
ஒன்றரை நொடிக்கு மட்டும்
மேளத்தை நான்கு டெசிபல் இறக்கிவைப்பேன்.
டிவியில் தெரியாது. போனில் தெரியவே தெரியாது.

திரும்புகையில் கடைசிக்கு முந்தைய பெரி.
ஒயரின் நுனி கைப்பைக்குள்,
எதிலும் செருகப்படாமல்.
கழற்ற மறந்திருந்தேன்.
பக்கத்து இருக்கைப் பெண்ணின் உதடு அசைந்தது,
நின்றது, திரும்ப அசைந்தது.
ஒரு பக்கத்தைத் தூக்கினேன்.
எஞ்சின், அலை, யாருடைய குழந்தையோ,
எல்லாம் ஒரே தள்ளலில் உள்ளே.

சாரி,
என்ன கேட்டீங்க?